25 கிலோ

உடுமலைச் சந்தையில் காய்கறிப் பையைக் கையில் வாங்கியவுடன் அதன் எடை எனக்குத் தெரிந்துவிடும். நாலேகால் கிலோ என்று மனம் சொல்லும். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தால் ஐம்பது, நூறு கிராம்தான் முன்பின் இருக்கும். விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே கற்ற வித்தைகளில் பாதி கையை விட்டுப் போய்விட்டது. இந்தக் கைக்கணக்கு மட்டும் போகவில்லை.

ஊரில் என்னைப் பார்க்க வரும் இளைஞர்கள் கேட்பதெல்லாம் போர் விமானங்களைப் பற்றித்தான். என்ன வேகம், எத்தனை குண்டு, எதிரியை நேரில் பார்த்தீர்களா. நான் ஓட்டியது ஹெலிகாப்டர் என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு சிறு ஏமாற்றம் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் 1989 முதல் 1992 வரை லடாக்கில் ஓட்டிய சீட்டா ஹெலிகாப்டரை மதித்ததுபோல் வேறு எந்த இயந்திரத்தையும் நான் மதித்ததில்லை. சியாச்சின் பகுதியின் மிக உயரமான போஸ்ட்டுகளுக்கு (ராணுவக் காவல் நிலைகளை அப்படித்தான் சொல்வோம்) அதில் ஒரு தடவைக்கு 25 கிலோ கொண்டுபோகலாம். வெயில் ஏறிவிட்டால் 20 கிலோ. என் பறக்கும் நாட்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருப்பது அநேகமாக இந்த 25 கிலோவின் கதைதான்.

எங்கள் ஊர் உடுமலைப்பேட்டைக்கு மேற்கே இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனியில் தொடங்கி ஆடி முடியும்வரை ஊரையே தள்ளிக்கொண்டு நிற்கும். இன்று அந்தக் காற்றை நம்பிப் பார்க்கும் இடமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. என் சிறு வயதில் அதை நம்பியிருந்தவை களத்துமேடுகள். அய்யன் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) சோளப் பொலி தூற்றும்போது நான் பக்கத்தில் நிற்பேன். அவர் உடனே முறத்தைத் தூக்க மாட்டார். ஒரு பிடி பதரை அள்ளித் தோள் உயரத்திலிருந்து விடுவார். அது நேராகப் போகிறதா, சுழன்று திரும்புகிறதா, எங்கே போய் விழுகிறது என்று பார்ப்பார். பிறகு இன்னொரு பிடி. சில நாள் அரை மணி நேரம் இப்படியே போகும். எனக்குக் கால் வலிக்கும்.

"காற்று ஒரே கையாக வரட்டும் கண்ணு. விட்டுவிட்டு வந்தால் மணியும் பதரும் ஒன்றாகத்தான் விழும்" என்பார்.

அமராவதிநகர் சைனிக் பள்ளியில் சேர்ந்ததும், அங்கிருந்து கடக்வாஸ்லாவின் தேசிய பாதுகாப்பு அகாதெமிக்குப் போனதும், துண்டிகல்லில் கிரண் விமானத்தில் பயிற்சி பெற்றதும் என்னைப் போன்ற பலருடைய கதைதான். அதை நீட்ட வேண்டியதில்லை. போர் விமானப் பிரிவுக்கு என் பெயர் வரவில்லை. ஹக்கிம்பேட்டையில் இருந்த ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். சேத்தக் என்ற ஹெலிகாப்டரில் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் மனம் ஒட்டவில்லை. ஒரு நாள் மாலை, தரைக்கு நாலடி மேலே இயந்திரத்தை அசையாமல் நிறுத்திவைக்கும் பயிற்சி. பல நாள் முயன்றும் வராதது அன்று திடீரென வந்தது. கீழே புல் நாலாபக்கமும் படுத்துக் கிடக்க, நான் அதன் நடுவில் நின்றேன். அன்றைக்குப் பிறகு போர் விமானத்தைப் பற்றி நினைத்ததில்லை.

சீட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது பிறந்ததே நமக்காகத்தான். இமயமலையின் உயரத்தில் வேலை செய்யக்கூடிய ஹெலிகாப்டர் வேண்டும் என்று நம் படைகள் கேட்டதை ஒட்டி, 1968இன் இறுதியில் பிரெஞ்சுப் பொறியாளர்கள் அதை உருவாக்கத் தொடங்கினார்கள். அலுவெட் 2 என்ற சிறிய ஹெலிகாப்டரின் மெலிந்த உடலை எடுத்து, அதில் அதன் தம்பியான அலுவெட் 3இன் பெரிய என்ஜினையும் சுழலியையும் (தலைக்கு மேல் சுற்றும் இறக்கைகள்) பொருத்தினார்கள். 1969 மார்ச்சில் அது முதன்முதலில் பறந்தது. அவர்கள் வைத்த பெயர் லாமா. பெங்களூரில் உரிமம் பெற்று நாம் கட்டியபோது சீட்டா ஆனது. பார்க்க அழகான இயந்திரம் இல்லை. முன்னால் ஒரு கண்ணாடிக் குமிழ், பின்னால் மூடப்படாத குழாய்ச் சட்டத்தில் ஒரு வால். உடம்பில் சதையே இல்லாத ஓட்டப்பந்தய வீரன்போல் எலும்பெல்லாம் வெளியே தெரியும். அந்த எலும்பும் காரணத்தோடுதான். மூடி மறைக்க ஒரு தகடு போட்டால் அதுவும் எடைதானே?

1972 ஜூன் 21 அன்று ஜான் புலே என்ற பிரெஞ்சு விமானி ஒரு லாமாவில் 12,442 மீட்டர் உயரத்துக்கு ஏறினார். 40,000 அடிக்கும் மேலே. தேவையில்லாத ஒவ்வொரு கருவியையும் கழற்றிவிட்டு, தனி ஆளாக ஏறினார். உச்சியில் என்ஜினின் வேகத்தைக் குறைத்தபோது அது அணைந்துவிட்டது. மறுபடி மூட்ட முடியவில்லை. கீழிருந்து எதிர்த்து வரும் காற்றிலேயே சுழலி தானாகச் சுற்ற, தரைவரை அப்படியே இறங்கிச் சேர்ந்தார். எங்கள் பிரிவில் புதிதாக வரும் விமானிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் விட மாட்டார்கள். அதில் இரண்டு பாடங்கள் உண்டு. இந்த இயந்திரத்தை நம்பலாம் என்பது ஒன்று. வெறுங்கையோடு போனால்தான் அது அவ்வளவு உயரம் போகும் என்பது மற்றொன்று. எங்களால் வெறுங்கையோடு போக முடியாது.

சியாச்சின் பனியாறு 76 கிலோமீட்டர் நீளம். பால்ட்டி மொழியில் அந்தப் பெயருக்குக் காட்டு ரோஜாக்கள் மண்டிய இடம் என்று பொருள். அது கீழே நூப்ரா பள்ளத்தாக்கின் புதர்களைப் பார்த்து வைத்த பெயராக இருக்க வேண்டும். 1984 ஏப்ரல் 13 அன்று மேகதூத் நடவடிக்கையில் நம் வீரர்கள் அங்கே இறங்கினார்கள். ராணுவம் பனியாற்றின் மேல் நின்று சண்டையிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் போஸ்ட்டுகளில் முக்கியமானவை பனியாற்றுக்கு மேற்கே இருக்கும் சால்டோரோ மலைத்தொடரின் கூர் முகடுகளில் இருக்கின்றன. 1987இல் பானா சிங்கும் அவருடைய தோழர்களும் பனிச்சுவரில் ஏறிப் பிடித்த போஸ்ட் கிட்டத்தட்ட 21,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த முகடுகளில் இருப்பவர்களுக்கு உணவும் எரிபொருளும் கொண்டுபோவதும், நோயுற்றவர்களைக் கீழே கொண்டுவருவதும் லேயில் இருந்த 114ஆவது ஹெலிகாப்டர் பிரிவின் வேலை. ராணுவத்தின் சொந்த விமானப் பிரிவைச் சேர்ந்த விமானிகளும் அதே சீட்டாவில், அதே முகடுகளுக்குப் பறந்தார்கள்.

சண்டிகரிலிருந்து பெரிய சரக்கு விமானங்கள் லேக்கும் தோயிஸுக்கும் டன் கணக்கில் கொண்டுவந்து கொட்டும். அடுத்த கட்டத்தில் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் தாழ்வான போஸ்ட்டுகளுக்கு நூறு நூறு கிலோவாக எடுத்துப் போகும். அதற்கு மேலே அவற்றாலும் முடியாத இடங்களுக்கு நாங்கள். டன்னில் தொடங்கியது எங்களிடம் வரும்போது 25 கிலோவாகிவிடும். தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேரும்போது எவ்வளவு மெலிந்திருக்கும் என்று விவசாயிகளுக்குத் தெரியும்.

18,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். மனிதனுக்கு மூச்சு வாங்குவதுபோலவே என்ஜினுக்கும் வாங்கும். சுழலிக்கும் பிடிமானம் குறையும். காற்று சூடானால் இன்னும் லேசாகும். அதனால் விடியும் முன்பே எழுந்து, முதல் வெளிச்சத்தில் புறப்பட்டு, முடிந்தவரை பத்து மணிக்குள் வேலையை முடித்துவிடப் பார்ப்போம். அதற்கு மேல் வெயிலோடு காற்றும் எழுந்துவிடும். அடிவார முகாமில் ஹெலிபேடுக்குப் பக்கத்தில் ஒரு தராசு இருந்தது. அங்கே மிகவும் மதிக்கப்பட்ட அதிகாரி அந்தத் தராசுதான் என்பேன். ஏற்றும் பொருளெல்லாம் அதில் ஏறி இறங்கும். எங்கள் உடல் எடை, உடைகளின் எடை, எல்லாம் கணக்கில் வரும். எரிபொருளையும் எண்ணித்தான் ஊற்றுவோம்: போவதற்கு, வருவதற்கு, அதற்கு மேல் கொஞ்சம். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் தினமும் வாதம். எங்கள் பாதுகாப்புக்காக 10 கிலோ கூடுதலாக ஊற்றிக்கொண்டால், மேலே இருப்பவர்களுக்கு 10 கிலோ குறையும். துணை விமானியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். பெரும்பாலும் எங்கள் 'கொஞ்ச'த்திலிருந்துதான் குறைத்தோம்.

ஒரு ஜெரிகேனில் 20 லிட்டர் மண்ணெண்ணெய். அது 16 கிலோ. கேனோடு சேர்த்தால் இன்னும் கூடும். ஒரு பயணத்தில் ஒரே ஒரு கேன். கூடவே இரண்டு மூன்று கிலோவுக்கு மருந்தோ, பால் பவுடரோ, தக்காளியோ. தக்காளி போய்ச் சேரும்போது கல்லாகியிருக்கும். அந்த ஒரு கேன் மண்ணெண்ணெயின் அருமை இங்கே இருப்பவர்களுக்குப் புரிவது கடினம். போஸ்ட்டைச் சுற்றி நாலாபுறமும் மலைமலையாகப் பனி கிடக்கும். ஆனால் உருக்கத் தீ இல்லாவிட்டால் குடிக்க ஒரு குவளைத் தண்ணீர் கிடையாது. சமைப்பதும் குளிர் காய்வதும் அதே மண்ணெண்ணெயில்தான். அதன் புகை படிந்து படிந்து அங்கே எல்லோர் முகமும் கறுத்திருக்கும். கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். அந்த முகங்களில் யார் எந்த ஊர், எந்த மொழி, என்ன வயது என்று கண்டுபிடிக்க முடியாது.

கடிதக் கட்டை மட்டும் நாங்கள் தராசில் வைப்பதில்லை. யாரும் போட்ட உத்தரவு அல்ல அது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படிச் செய்தார்கள், நாங்களும் செய்தோம்.

இனி இறங்குவது. ஹெலிபேட் என்று பெயர். எங்கள் களத்துமேட்டில் கால்வாசிகூட இருக்காது. பனியை மிதித்துச் சமன் செய்த ஒரு திட்டு, மூன்று பக்கம் பள்ளம். தரைக்கு அருகே வரும்போது சுழலி தள்ளும் காற்று தரையில் மோதி மெத்தைபோல் தாங்கும். அந்த மெத்தையில் நின்று நிதானமாக இறங்குவது சமவெளியில் வழக்கம். அந்த உயரத்தில் இயந்திரத்தின் பலம் முழுவதும் பறப்பதற்கே சரியாகிவிடும். அந்தரத்தில் நின்று யோசிக்க ஒரு சொட்டு பலம் மிச்சமிருக்காது. வரும் வேகமும் உயரமும் ஹெலிபேடைத் தொடும் கணத்தில் ஒன்றாகத் தீர வேண்டும். முன்னதாகத் தீர்ந்தால் முகட்டுக்குக் கீழே விழுவோம். தீராவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். அதற்கு மேல் கண்ணும் ஏமாற்றும். பனி, மேகம், வானம் எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கும்போது தரை பத்தடியில் இருக்கிறதா, நூறடியில் இருக்கிறதா என்று தெரியாது. அதற்காகவே வீரர்கள் காலி மண்ணெண்ணெய் டின்களைச் சுற்றி நட்டுவைத்திருப்பார்கள். அந்தக் கறுப்புப் புள்ளிகள்தான் நமக்குத் தரை.

இறங்கியதும் என்ஜினை அணைக்கக் கூடாது. அங்கே அணைந்தால் மறுபடி மூளும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சுழலி சுற்றிக்கொண்டே இருக்க, குனிந்து ஓடிவரும் இரண்டு பேர் கேனை இறக்குவார்கள், கடிதக் கட்டை வாங்குவார்கள், போக வேண்டிய கடிதங்களைத் திணிப்பார்கள். முப்பது விநாடி. சில இடங்கள் எதிரியின் பீரங்கிப் பார்வையில் இருந்தன. அங்கே அதற்கும் குறைவு. பிறகு முகட்டின் விளிம்பிலிருந்து மூக்கைக் கவிழ்த்துப் பள்ளத்தாக்கில் விழுவோம். விழுந்துதான் வேகம் பிடிக்க வேண்டும். அந்த வீழ்ச்சி முதல் பத்து நாள் அடிவயிற்றைக் கலக்கியது. பிறகு, வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்குவதுபோல் பழகிவிட்டது.

ஒரு போஸ்ட்டில் இருந்த தகவல் தொடர்பாளர் மதராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். ஒரு நாள் ஒலிவாங்கியில் என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, "சார் நம் ஊரா?" என்று தமிழில் கேட்டார். அதற்கு மேல் பேச நேரமில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த முகட்டில் காற்று எப்படி இருக்கிறது என்ற தகவல் எனக்குத் தமிழில்தான் வரும். விதிமுறைக்குச் சற்று மாறானதுதான். 20,000 அடி உயரத்தில், மூச்சுக்காற்று முகமூடியின் உள்ளே உறையும் குளிரில், "மேல்காற்று சார், விட்டுவிட்டு அடிக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்று ஒரு குரல் காதில் விழுவது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. கடல்காற்றைப் பார்த்து வளர்ந்தவர் அவர். சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

1991 குளிர்காலத்தில் நடந்த ஒன்றை இங்கே எழுத வேண்டும். வேறொரு போஸ்ட். அங்கே இரண்டு பேருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. உயரத்தில் வரும் நோய் அது. எவ்வளவு நல்ல உடல்கட்டு உள்ளவரையும் தாக்கும். சீக்கிரம் கீழே கொண்டுவருவதுதான் அதற்கு முதல் மருந்து. நாங்கள் எப்போதும் இரண்டு ஹெலிகாப்டர்களாகத்தான் போவோம். ஒன்றுக்கு ஏதாவது நேர்ந்தால் மற்றொன்று உதவிக்கு இருக்கும். அன்று சுமை எதுவும் ஏற்றவில்லை. எரிபொருளையும் குறைத்துக்கொண்டோம். அப்படியும் ஒன்றில் ஒருவரைத்தான் எடுக்க முடியும்.

நான் முதலில் இறங்கினேன். மருத்துவ உதவியாளர் ஓர் இளைஞரைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து பின்னால் படுக்கவைத்தார். அவர் வாயோரம் இளஞ்சிவப்பு நுரை இருந்தது. மற்றவர் ஒரு டின்னில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாயக் பதவியில் இருந்த கட்வால் மலைக்காரர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருக்கு நிலைமை சற்றுப் பரவாயில்லை என்று உதவியாளர் கையால் காட்டினார். அந்த நாயக் தன் கோட்டுக்குள் கைவிட்டு ஓர் இன்லேண்டு கடிதத்தை எடுத்து உதவியாளரிடம் நீட்டினார். அது என் கைக்கு வந்தது. நான் தலையசைத்தேன். அவரும் அசைத்தார். நான் புறப்பட்டேன்.

இரண்டாவது ஹெலிகாப்டர் இறங்க வந்தபோது மேற்குச் சரிவிலிருந்து மேகம் எழுந்து முகட்டை மூடியது. ஒதுங்கிச் சென்று ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தார்கள். டின்கள் தெரியவில்லை. எரிபொருள் அதற்கு மேல் இல்லை, திரும்பிவிட்டார்கள். அன்று பகல் முழுவதும் முகடு திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. புறப்படத் தயாரானபோது வானொலியில் செய்தி வந்தது: அவசரப்பட வேண்டாம்.

அவரையும் நான்தான் கொண்டுவந்தேன். படிவத்தில் எடை என்று ஒரு கட்டம் இருந்தது. 61 என்று எழுதினேன்.

அந்த முதல் நாள் இரவு கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அந்த உயரம், அந்த வெப்பநிலை, மிச்சமிருந்த எரிபொருள், இரண்டு பேர். மூன்று தடவையும் விடை ஒன்றுதான். இருவரையும் சேர்த்துத் தூக்கியிருக்க முடியாது. எனவே என்னை வருத்துவது அந்தக் கணக்கு இல்லை. அந்தக் கடிதத்தை அன்று மாலையே முகாமின் அஞ்சலில் சேர்த்துவிட்டேன். அவருடைய வீட்டுக்குத் தந்தி முதலில் போயிருக்கும். கடிதம் அதற்குப் பல நாள் கழித்துத்தான் மலையேறிப் போயிருக்கும். தன் நோயைப் பற்றி அவர் எழுதியிருக்க மாட்டார்; அங்கிருந்து யாரும் வீட்டுக்கு அதை எழுதுவதில்லை. நலம், நலமறிய ஆவல் என்றுதான் எழுதியிருப்பார். கடிதத்தை வைத்திருந்து, அவருடைய பொருட்களோடு சேர்த்து, யாராவது ஒருவர் நேரில் கொடுக்கும்படி செய்திருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். அவர் என்னிடம் தந்தது அஞ்சலில் சேர்க்கத்தானே என்று வேறு சில நாள் தோன்றும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இரண்டில் எது சரி என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

அந்த இளைஞர் பிழைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கீழே கொண்டுவந்து ஆம்புலன்ஸில் ஏற்றிய பலரைப் பற்றி அந்த அளவுகூடத் தெரியாது. ஏற்றிவிட்டு உடனே அடுத்த பயணத்துக்குத் திரும்பிவிடுவோம். முகம் நினைவிருக்காது, கறுத்த முகங்கள்தானே. சுமந்த எடை நினைவிருக்கும்.

2016 பிப்ரவரி 3 அன்று சோனம் போஸ்ட்டில் பனிச்சரிவு விழுந்தது. மதராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் அதற்கடியில் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு தோண்டி எடுக்கப்பட்டபோது நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார். பனியை அறுக்க இயந்திரங்களை மேலே கொண்டுபோனார்கள் என்று செய்தி வாசிப்பவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போனார். நான் அந்த வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். அந்த இயந்திரங்களின் எடை என்ன? எத்தனை துண்டாகக் கழற்றியிருப்பார்கள்? எத்தனை பயணம்? ஒவ்வொரு பயணத்திலும் எந்த விமானி தன் 'கொஞ்ச'த்திலிருந்து எவ்வளவு குறைத்திருப்பான்? வானிலை கெட்டு உடல்களைக் கொண்டுவரத் தாமதமாகிறது என்று சொன்னபோது தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். அப்போது எனக்கு அந்த ராமநாதபுரத்துக் குரல்தான் காதில் கேட்டது. கொஞ்சம் பொறுங்கள் சார்.

சீட்டாவை எவ்வளவு மதிக்கிறேனோ அவ்வளவு உறுதியாக இதையும் சொல்வேன்: அந்த இயந்திரத்துக்கு எப்போதோ ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். 1960களில் வரையப்பட்டது அது. இரட்டை என்ஜின் கொண்ட துருவ் 2002இல் படையில் சேர்ந்தது. சீட்டாவின் உடலிலேயே புதிய என்ஜின் பொருத்திய சீட்டலும் வந்தது. அதற்குப் பிறகும் பழைய சீட்டாக்கள் பறந்தன, விழுந்தன, இளம் விமானிகள் இறந்தார்கள். ராணுவ விமானிகளின் மனைவியர் ஒன்றுசேர்ந்து மாற்று ஹெலிகாப்டர் கேட்டுப் பாதுகாப்பு அமைச்சரிடமே முறையிட வேண்டி வந்தது. அவர்கள் கேட்டது முழுக்க நியாயம். கிழட்டுக் காளை எவ்வளவு நல்ல காளையாக இருந்தாலும் அதை மேட்டில் ஏற்றி அடிக்க எங்கள் அய்யன் சம்மதிக்க மாட்டார்.

அய்யனுக்கு என் வேலை பல ஆண்டுகள் பிடிபடவில்லை. 1990இல் விடுமுறையில் வந்திருந்தபோது, களத்தில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. "உன் வண்டி எத்தனை மூட்டை தூக்கும்?" என்று கேட்டார். 25 கிலோ என்றேன். அவர் நம்பவில்லை. இளவயதில் 100 கிலோ மூட்டையை முதுகில் வைத்து வண்டியில் ஏற்றியவர் அவர். "கால் மூட்டைக்கா அவ்வளவு பெரிய யந்திரம்?" என்றார். நான் அந்த உயரத்தையும், காற்று அங்கே மெலிந்திருப்பதையும், ஒரு கேன் மண்ணெண்ணெயில் எத்தனை பேர் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். தக்காளி கல்லாவதையும் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. கடலையைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டே போனார்.

நான் கிளம்பும் நாள் காலையில் ஒரு மஞ்சள் பையை நீட்டினார். உடுமலையில் ஒரு துணிக்கடையில் கல்யாணச் சேலைக்குக் கொடுத்த பை. உள்ளே அம்மா வறுத்துக் கொடுத்த கடலை. தோல் நீக்கியிருந்தது. "தோலோடு போட்டால் எடை கூடும் என்றாள் உன் அம்மா. அந்த மேலே இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடு" என்றார்.

அடிவார முகாமில் தராசில் வைத்தேன். பையோடு சேர்த்து 1 கிலோ 800 கிராம். அன்றைய சுமையில் இடமில்லை. துணை விமானி பஞ்சாபிக்காரர். ஒன்றும் கேட்காமல் எரிபொருள் கணக்கை எடுத்து இரண்டு கிலோவை அடித்துவிட்டு, பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

போஸ்ட்டில் பையை வாங்க ஓடிவந்தது அந்த ராமநாதபுரத்துக்காரர். முகத்தைப் பார்த்து அல்ல, அந்தப் பையைப் பார்த்து அவர் நின்ற விதத்தில்தான் அவர் யார் என்று கண்டுகொண்டேன். கடை பெயர் தமிழில் அச்சிட்டிருந்ததே. வாய்விட்டுப் படித்தார். சுழலிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

அடுத்த வாரம் அதே முகட்டை நெருங்கியபோது டின்களுக்கு நடுவே, ஒரு கம்பின் உச்சியில், வெள்ளையும் கறுப்பும் தவிர வேறு நிறமே இல்லாத அந்த இடத்தில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. பையின் அடியைப் பிரித்து, வாயை விரித்துக் கட்டியிருந்தார்கள். காற்று அதற்குள் புகுந்து அது நீட்டி நின்றது. காற்றின் திசையும் வேகமும் தூரத்திலிருந்தே தெரிந்தது. "தெரிகிறதா சார்?" என்று குரல் கேட்டது. தெரிகிறது என்றேன். அன்று காற்று ஒரே கையாக வந்துகொண்டிருந்தது. நேராக இறங்கினேன்.

ஒரு மாதத்தில் அது நார்நாராகக் கிழிந்துவிட்டது. அதற்குள் அந்த பட்டாலியனும் முறை முடிந்து இறங்கிவிட்டது. அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, அம்மா தண்ணீர் கொண்டுவருவதற்கு முன்பே அய்யன் கேட்டார்.

"கடலை கொடுத்தாயா?"

"கொடுத்தேன் அய்யா."

"பை?"

காற்றுப் பார்க்கக் கட்டிக்கொண்டார்கள் என்றேன். எப்படிக் கட்டினார்கள் என்று கேட்டார். தரையில் குச்சியால் வரைந்து காட்டினேன். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு குச்சியை என் கையிலிருந்து வாங்கி, நான் வரைந்த கம்பை இன்னும் கொஞ்சம் உயரமாக நீட்டினார்.